உள்ளால போட்ட தாழ்ப்பாள்

— எத்தின மணிக்குக் கதவப் பூட்டினவ மாமி?

— எனக்கென்ன தெரியும் ஜவுபர் மகன்? சுபஹுத் தொழுத கையோட பால்மா டின்னுக்கு சங்கக்கடை வரிசையில நிக்கப் போனன். எட்டு மணிக்கு வந்து பாக்கக்குள்ள உள்ளால தாழ்ப்பாள் போட்டிரிக்கா. இப்ப பன்ரெண்டாகப் போகுது. தட்டித் தட்டிக் கையெல்லாம் நோகுது.

— புள்ள?

— புள்ளயோடதான். வேற எங்க? நாப்பத்தாறு நாள் பச்ச மண்ண வெச்சிக்கிட்டு அறையப் பூட்டிக்கிட்டு இரிக்கிற பொம்பிளைய இந்தக் கல்முனையில எங்கயாவது கண்டிரிக்கீங்களா? யா றப்பே, என்ட வகுத்துல வந்து பொறந்தாளே!

— கொஞ்சம் தள்ளுங்க, நான் கதைக்கன். றாஹிலா! புள்ள, நான்தான். பொத்துவிலால வந்திரிக்கன். கதவத் துற.

— கேட்டிச்சி.

— கேட்டா துறவன்.

— ஏலா.

— என்ன ஏலா? மூண்டு மாசத்துக்குப் பொறகு புருசன் வந்து வாசல்ல நிக்கான். நாலு பஸ் உட்டு அஞ்சாவது பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வந்தன். சும்மா கூத்துக் காட்டாத, துற.

— நிண்டு போன பஸ் திரும்ப எப்ப ஓடத் தொடங்கின மச்சான்?

— இப்ப அதென்னத்துக்கு?

— சொல்லுங்களன். எப்ப ஓடத் தொடங்கின?

— கொஞ்ச நாள்தான்.

— பதினாறு நாள். இந்த அறைக்குள்ள படுத்துக்கிட்டு றோட்டுல போற ஹோன் சத்தம் எல்லாம் எண்ணினன். ஒவ்வொரு பஸ்ஸும் சந்தியில நிண்டு கிளம்புற வரைக்கும் காது குடுத்துக்கிட்டு இரிந்தன். பதினாறு நாள்.

— வேல முடியல்ல புள்ள. சூறாவளி அடிச்சி முழு ஊரும் கூரையில்லாமக் கெடக்கு. மேசன்மாரு ஆறு பேர்தான். பாதியில போட்டுட்டு வர ஏலுமா?

— வேலயா?

— வேலதான்.

— மச்சான்.

— சரி, பயந்துதான் இரிந்தன்! போதுமா? பயந்தன்! கல்முனைப் பக்கம் கக்கல் கழிச்சல்ல ஒவ்வொரு வீட்டுலயும் மையத்து விழுகுது எண்டு அங்க கத. பள்ளியில குளிப்பாட்ட ஆளில்லையாம் எண்டாங்க. நான் வந்து அத ஒட்டிக்கிட்டு, ஒனக்கும் புள்ளைக்கும் குடுத்தா மறுகா என்ன செய்யிற? அப்பிடித்தான் நெனச்சன்.

— மூண்டு கடிதம் போட்டன்.

— கெடச்சிது.

— ஒண்டுக்குப் பதில் வந்திச்சி. "சபூர் செய்" எண்டு. பொறுத்துக்கொள்ளட்டாம். முழுக் கடதாசியில ரெண்டே ரெண்டு சொல்லு.

— எனக்கென்ன எழுதத் தெரியும்? "எனக்கு ஒண்டும் விளங்குதில்ல மச்சான், என்னயக் கூட்டிக்கிட்டுப் போங்க" எண்டு எழுதியிரிந்தாய். எங்க கூட்டிக்கிட்டுப் போற? அங்க நான் சீமெந்துப் பேக்குக்கு மேல படுக்கன். உம்மாட ஊட்டுல, உன்ட சொந்த ஊட்டுல இரிக்காய். உனக்கு என்ன கொற எண்டு நெனச்சன்.

— அத நானும் கேக்கன் மகன். என்ன கொற? நாப்பது முடியிற வரைக்கும் பேறுகாலக் காயம் அரச்சுக் குடுத்தன், சுறாக் கருவாடும் உள்ளியும் போட்டுச் சோறாக்கிக் குடுத்தன். கோப்பைய அப்பிடியே தள்ளி வெக்கா. லெப்பையக் கூட்டி வந்து தண்ணி ஓதிக் குடுத்தன், இசிம் கட்டினன். அடுத்த நாளே கயித்த அறுத்து எறிஞ்சிட்டா. நம்முட மீராசாட ஊட்டுல ஒரே கிழமையில மூண்டு மவுத்து. இவளும் ஹயாத்தோட இரிக்கா, புள்ளயும் ஹயாத்தோட இரிக்கி. அல்ஹம்துலில்லாஹ் எண்டு ஒரு சொல்லு இந்த வாயால வரல்ல.

— சொன்னன் உம்மா. நீங்க சொல்லச் சொன்ன நேரமெல்லாம் சொன்னன்.

— வாயால சொன்னாய்.

— வேற எதால சொல்ற?

— பாத்தீங்களா மகன்? இப்பிடித்தான். ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லு. அடக்கமா இரிந்த புள்ள.

— மாமி, நீங்க கொஞ்சம் பொறுங்க. றாஹிலா, இஞ்ச பாரு, ஏச வரல்ல. புள்ளைக்கு ரெண்டு சட்ட தைச்சுக் கொண்டந்திரிக்கன். பூப்போட்ட துணி. ஒரு தரம் முகத்தக் காட்டன். நான் இன்னும் கண்ணால காணாத புள்ள அது.

— அது நல்லாத்தான் இரிக்கி.

— அது அது எண்டாத. பேரிரிக்கி. சுபைறா.

— பேர் வெச்சது உம்மா. வெக்கக்குள்ள நான் கொட்டிலுக்குள்ள கெடந்தன்.

— கடிதத்திலயும் கொட்டில், இப்பவும் கொட்டில்! நாப்பத்தாறு நாளாகுது. ஊருல பொம்பிளைகள் புள்ள பெறாமலா இரிக்காங்க? என்னதான் நடந்த அங்க?

— உம்மா சொல்லல்லையா?

— ஆஸ்பத்திரியில இடமில்ல, வேற கொட்டில்ல வெச்சிப் பாத்தாங்க, புள்ளயும் தாயும் சுகம் எண்டு தந்தி அடிச்சாங்க. அவ்வளவுதான்.

— அப்ப நான் சொல்றன். கதவுக்கு அங்கால நிண்டு கேளுங்க. கேக்க விருப்பமில்லாட்டிப் போங்க.

— சொல்லு. கேக்கன்.

— பின்வளவு இமக்குலேற் மிஸிதான் ஊட்டுக்கு வந்து பாக்கிறதா இரிந்த. எட்டு மாசமா என்ட வகுத்தத் தொட்டுப் பாத்தது அவதான். ஆனா வருத்தம் பரவினதோட மருத்துவமாது எல்லாரையும் அங்க இங்க போட்டாங்க. மிஸிய கிணறுகளுக்கு மருந்து போடுற ஆக்களோட அனுப்பிட்டாங்க. எனக்குப் பொழுது படக்குள்ள, மகரிபு நேரம் நோவு தொடங்கின. மிஸி இல்ல. நோவுல ரெண்டு தரம் சத்தி எடுத்தன், குடிச்சதெல்லாம் வெளியில வந்திட்டு. காரக் கூப்பிட்டா கார்க்காரன் நான் சத்தி எடுக்கிறதக் கண்டிட்டு வாசல்ல வெச்சே காரத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான். மீன் கொண்டு போற தள்ளுவண்டியில போட்டு உம்மாவும் மருதமுனையில இரிந்து வந்து நிண்ட றம்லா ராத்தாவும் தள்ளிக்கிட்டுப் போனாங்க.

— தள்ளுவண்டியிலயா மாமி?

— வேற என்ன செய்யிற மகன்? ஆம்பிளைகள் ஒருத்தனும் கிட்ட வரல்ல.

— ஆஸ்பத்திரிக் கேற்றடியில ஒருத்தன் என்ன வருத்தம் எண்டு கேட்டான். உம்மா சொன்னாங்க, ரெண்டு தரம் சத்தி எடுத்திட்டாள் எண்டு. அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லோட கேற்றுக்கு அந்தப் பக்கமாக் கையக் காட்டினான். கழிச்சல் வந்த ஆக்கள போடுற கிடுகுக் கொட்டில். உம்மாவ வெளியில நிப்பாட்டிட்டாங்க.

— நான் நல்லதுக்குத்தான் சொன்னன்! சத்தி எடுத்தவள எடுக்கல்லயெண்டா சொல்ற? கெதியாப் பாப்பாங்க எண்டு நெனச்சன். அத எத்தின தரம் சொல்லிக் காட்டப் போறாய்?

— இப்பதான் முதல் தரம் சொல்றன் உம்மா. நீங்கதான் ஒவ்வொரு நாளும் எனக்கிட்ட "நல்லதுக்குத்தான் சொன்னன்" எண்டு சொல்லிக்கிட்டு இரிக்கிங்க. நான் ஒரு நாளும் கேக்கல்ல.

— சரி புள்ள, மறுகா?

— அந்தக் கொட்டில்ல போடுற கட்டில் எப்பிடி எண்டு தெரியுமா மச்சான்? கென்வஸ் கட்டில். நடுவுல வட்டமா ஓட்ட வெட்டியிரிக்கும். கீழ வாளி. எழும்பி வெளிக்குப் போக ஏலாத ஆக்களுக்கு. என்னய அதுலதான் கெடத்தினாங்க. புள்ள பெற வந்தவளா எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. சுத்தி எல்லாரும் கழிஞ்சிக்கிட்டுக் கெடக்காங்க. தெரிஞ்ச முகம் ஒண்டுமில்ல. வாய் நெறய மருந்து மணம். நான் கத்தினன். இஞ்ச எல்லாரும்தான் கத்துறாங்க எண்டு ஒரு சத்தம்.

— யா அல்லாஹ்.

— தல வாற நேரம் தெரிஞ்சிது. கீழ வாளி. நான் கால இறுக்கினன் மச்சான். ரெண்டு தொடையையும் ஒண்டா இறுக்கி, கையால பொத்திப் புடிச்சிக்கிட்டன். வராத, வராத, வராத எண்டன். வெளியில வரப் பாக்கிற புள்ளய உள்ள தள்ளினன். எவ்வளவு நேரமெண்டு தெரியா. பக்கத்துக் கட்டில் மனிசி, தண்ணியே இல்லாமக் காஞ்சு போய்க் கெடந்தவ, அவதான் ஊந்து வந்து ஒரு சீலைய ஓட்டைக்குக் குறுக்கால போட்டா. அதுக்கு மேலதான் புள்ள விழுந்த. விடியக்குள்ள அந்த மனிசி மவுத்து. பேர் கூடக் கேக்கல்ல.

— எனக்கு இதெல்லாம் தெரியாது புள்ள. மாமி, ஏன் எனக்கு எழுதல்ல?

— எனக்குந்தான் தெரியா மகன்! என்ட அல்லாஹ், இண்டைக்குத்தான் கேக்கன். நீ ஏன் சொல்லல்ல மகள்?

— சொல்ல வந்த நேரமெல்லாம் "அத மற, மறந்திரு, மீராசாட ஊட்டப் பாரு" எண்டீங்க.

— மறுகா என்ன நடந்த?

— புள்ளய உடனே எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. எனக்கு வருத்தமாம், ஒட்டுமாம். பதினொரு நாள். கைப்புள்ள வெச்சிரிந்த றம்லா ராத்தாதான் பால் குடுத்தா. எனக்குப் பால் கட்டி நெஞ்சு கல்லாப் போச்சி. கொட்டிலுக்குப் பின்னால மணலத் தோண்டி அதுக்குள்ள பீச்சி மூடினன். பன்ரெண்டாம் நாள் ஒருத்தர் என்ட துண்டுக் கடதாசியப் பாத்திட்டு, உனக்கு ஒரு வருத்தமும் இல்ல, ஊட்ட போ எண்டாரு. வந்தன். உம்மா என்ட மடியில ஒரு புள்ளயக் கொண்டு வெச்சாங்க. அது என்னயப் பாத்து வீரிட்டுக் கத்தி, றம்லா ராத்தாட பக்கம் முகத்தத் திருப்பிச்சி.

— புள்ளைக்கென்ன தெரியும்? பழகினா சரிவரும்.

— இதத்தான் எல்லாரும் சொல்றாங்க. பழகும், சரிவரும், நாப்பது முடியட்டும். நாப்பதும் முடிஞ்சிது. எனக்கு அது மேல ஒண்டும் வரல்ல மச்சான். ஆச வரல்ல. கோவமும் வரல்ல. அழுதா எழும்பி எடுக்கன், கழுவுறன், சுடுதண்ணி வெக்கன், துணி அவிக்கன். வேற ஆரோ ஊட்டுப் புள்ளைக்கு வேலைக்கு நிக்கிற மாதிரி. கண்ண மூடினா வாளிதான்.

— இதுக்குத்தான் சொல்றன் மகன், இதொரு பார்வ. கொட்டில்ல எத்தின மையத்து! ஏதோ ஒண்டு ஒட்டியிரிக்கி.

— மாமி, கொஞ்சம் சத்தம் போடாம இரிங்க. நீங்க வந்த நேரத்தில இரிந்து புள்ள அழுத சத்தம் கேட்டீங்களா?

— என்ன?

— எட்டு மணிக்கு வந்ததுக்குப் பொறகு, புள்ள அழுததா?

— நான்... கதவத் தட்டிக்கிட்டு... இல்ல மகன். கேக்கல்ல.

— நாலு மணித்தியாலம். நாப்பத்தாறு நாள் புள்ள நாலு மணித்தியாலம் பாலில்லாம, சத்தமில்லாம இரிக்குமா? றாஹிலா! புள்ள என்ன செய்யிது?

— அது நல்லாத்தான் இரிக்கி எண்டு சொன்னன்.

— அத அழ வை. லேசாக் கிள்ளு. ஒரு சத்தம் கேட்டாப் போதும்.

— ஏலா.

— ஏன் ஏலா? றாஹிலா, என்னயப் பயமுறுத்தாத! புள்ள எங்க படுத்திரிக்கி? தொட்டிலிலயா?

— முந்தநாள் குளிப்பாட்டினன் மச்சான்.

— என்ன சொல்றாய்?

— பெரிய பேசின்ல. உம்மா கிணத்தடியில நிண்டாங்க. என்ட இடக்கையில அதுட கழுத்து. தண்ணி இளஞ்சூடு. அதுவும் அழல்ல, என்னயப் பாத்துக்கிட்டே கெடந்த. அப்ப ஒரு நெனப்பு வந்திச்சி. இந்தக் கைய எடுத்தா என்ன எண்டு.

— றாஹிலா!

— யா அல்லாஹ்! யா அல்லாஹ்! மகன், கதவ ஒடைங்க! என்ட புள்ள! என்ட சுபைறா!

— கைய எடுத்தாயா?

— அண்டைக்கு எடுக்கல்ல. ஆனா அந்த நெனப்பு போகல்ல. நேத்தும் வந்த. ராத்திரியும் வந்த.

— அலவாங்கு எங்க மாமி? அலவாங்கு!

— கிணத்தடியில... வேலியோட சாத்தியிரிக்கி... ஓடுங்க மகன்! மகள், என்ட தங்கமே, ஒண்டும் செஞ்சிராத, உம்மா இனி ஏச மாட்டன், லெப்பையக் கூப்பிட மாட்டன், புள்ளய மட்டும் தந்திரு மகள்!

— உம்மா, அழாதீங்க.

— புள்ளய மட்டும் தா!

— தள்ளுங்க மாமி. றாஹிலா, கதவு மேல விழும், பின்னுக்குப் போ! புள்ளையத் தூக்கிக்கிட்டுப் பின்னுக்குப் போ! கேக்குதா?

— ஒடைங்க மச்சான். சூறாவளிக்கே ஒடையாத கதவு.

— ஒனக்குப் பைத்தியம்! முழுப் பைத்தியம்!

— தம்பி! தம்பி ஜவுபர்! அலவாங்கக் கீழ போடுங்க!

— மிஸி, நீங்க வராதீங்க, விலகுங்க! புள்ள உள்ளுக்கு, அவள் புள்ளய...

— புள்ள உள்ளுக்கு இல்ல. கேட்டீங்களா? உள்ளுக்கு இல்ல.

— என்ன சொல்றீங்க இமக்குலேற் மிஸி? என்ட பேத்தி எங்க?

— மருதமுனையில றம்லாட மடியில கெடக்கு ஹாஜறாக்கா. ரெண்டு தரம் பால் குடிச்சிட்டு நல்ல நித்திர. நான்தான் கொண்டு போய்க் குடுத்தன். சைக்கிள்ல போய்ச் சைக்கிள்லயே வாறன், மாதாவே, மூச்சு வாங்குது. கொஞ்சம் இரிக்க உடுங்க.

— நீங்க எப்ப எடுத்தீங்க? ஆரு தந்த?

— றாஹிலாதான். நீங்க சங்கக்கடைக்குப் போன கையோட. நான் முகம் கழுவிக்கிட்டு நிக்கன், பின்வேலிக்கு மேலால துணியில சுத்தி நீட்டுறா. "மிஸி, இத என்னட்ட இரிந்து காப்பாத்துங்க" எண்டா. இருபத்திரெண்டு வருசம் இந்த வேல பாக்கன் தம்பி. எத்தினயோ பேர்ட புள்ளய வாங்கியிரிக்கன். ஒருத்தரும் இப்பிடிச் சொல்லித் தரல்ல. "நீயும் வா புள்ள, என்னோட இரி" எண்டன். "இல்ல மிஸி, நீங்க அதக் கொண்டு போங்க, நான் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு இரிக்கன், நீங்க வந்து சொன்னாத்தான் துறப்பன்" எண்டா.

— அல்ஹம்துலில்லாஹ்... அல்ஹம்துலில்லாஹ்...

— திரும்பி வாற வழியில டொக்டர் அம்மாவயும் பாத்து விசயத்த சொல்லிட்டுத்தான் வாறன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வா எண்டா. நான் சொன்னன், அந்தக் கேற்றுக்குள்ள இந்தப் பொம்பிளைய இப்ப கொண்டு போக ஏலா எண்டு. பின்னேரம் அசருக்கு முந்தி அவவே இஞ்ச வாறா. ஹாஜறாக்கா, இதொரு வருத்தம். புள்ள பெத்த ஆக்களுக்கு மனசில வாற வருத்தம். காய்ச்சல் மாதிரி வரும், மருந்து குடுத்தாப் போகும், ஆனா தனிய உட்டாப் போகாது. பேயுமில்ல, கொழுப்புமில்ல. கேட்டீங்களா?

— நான் அவளக் கொழுப்பெண்டு நெனச்சன் மிஸி.

— நீங்க மட்டுமா? நானும் பக்கத்து வளவுதான். கிணத்துக்கு மருந்து போட்டுக்கிட்டுத் திரிஞ்சன். வேலிக்கு மேலால "எப்பிடி புள்ள" எண்டு கேட்டிட்டுப் போனன். "ஓம் மிஸி, நல்லம்" எண்டா. நானும் நம்பிட்டுப் போனன்.

— மிஸி வந்தாச்சா?

— வந்திட்டன் றாஹிலா. புள்ள சுகம். றம்லா சொல்லச் சொன்னா, எத்தின நாளெண்டாலும் வெச்சிருக்கன் எண்டு. தாழ்ப்பாள எடு புள்ள.

— ஓம்.

— இஞ்ச வா மகள். இஞ்ச வா. அல்லாஹ், எப்பிடி மெலிஞ்சி போயிட்டாய்! பக்கத்திலயே இரிந்தும் நான் காணல்லயே. கையெல்லாம் என்ன இது, தோல் உரிஞ்சி?

— சுடுதண்ணி உம்மா. துணி அவிச்சது.

— மாமி, நீங்க அவளோட இரிங்க. நான் தேத்தண்ணி வெச்சிக் கொண்டாறன். ஆனா ஒண்டு மட்டும் கேக்கன் றாஹிலா. கோவிக்காத. அலவாங்கு கையில இரிந்த. கதவு உன்ட தலையில விழுந்திருந்தா? புள்ள இஞ்ச இல்ல, மிஸிட்டக் குடுத்திட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிரிந்தா இவ்வளவும் இல்லையே. ஏன் சொல்லல்ல?

— சொல்லியிரிந்தா நீங்க ரெண்டு பேரும் அந்த நேரமே மருதமுனைக்கு ஓடியிருப்பீங்க மச்சான். புள்ள உள்ளுக்கு இரிக்கி எண்டு நெனச்சபடியாலதான், இந்த நாப்பத்தாறு நாளில இண்டைக்கு மட்டும், நான் சொல்லி முடியிற வரைக்கும் கதவடியில நிண்டு கேட்டீங்க.